பந்தல் வாசலில் கட்டிய அட்டை

இது நடந்தது மாசியிலா பங்குனியிலா என்று எனக்கு உறுதியில்லை. எனக்குச் சொன்னது உமாதேவியா, அவள் புருசன் வேல்பாண்டியா என்பதும் மறந்துவிட்டது. வேல்பாண்டி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காத ஆள். அதனால் உமாதேவியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சில வார்த்தைகள் என் காதில் அவன் குரலிலேயே நிற்கின்றன. எது சரியோ, நினைவில் தங்கியதைச் சொல்கிறேன்.

ஓடைப்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் உமாதேவி நாற்றங்கால் வைத்திருந்தாள். திராட்சைக் குச்சிகளைப் பையில் ஊன்றி, வேர் பிடித்ததும் விற்பாள். கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. இணையத்தில் ஓர் இலவசப் பக்கம் மட்டும் இருந்தது. அவள் படம், போன் நம்பர், எந்த ரகம் எப்போது கிடைக்கும், எந்த மாதம் கவாத்து வெட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கிற கறுப்பு வெள்ளை க்யூஆர் கட்டத்தைப் பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்து, நாற்று வாங்குகிறவர்களிடம் பந்தலில் கொடியோடு கட்டச் சொல்லிக் கொடுத்தனுப்புவாள். காய்ப்பைப் பார்த்துவிட்டு, ‘யார் கொடுத்த நாற்று’ என்று கேட்க நினைப்பவர் அட்டையைப் போனில் பிடித்தால் போதும். ஐந்து வருடத்தில் நூற்று நாற்பது பந்தல். புது ஆள் யார் வந்தாலும் அந்த அட்டை வழியாகத்தான் வந்தார்கள்.

அந்தப் பக்கத்தை நடத்திய நிறுவனம் மாதக் கடைசியோடு மூடப் போவதாக மின்னஞ்சல் அனுப்பியது. இருபத்தாறு நாள் இருந்தது.

புருசனும் பெண்டாட்டியும் வண்டியில் சின்னமனூர் போனார்கள். உமாதேவியின் சித்தி மகன் சுரேஷ்கண்ணன் அங்கே அச்சுக்கடை வைத்திருந்தான். பக்கத்தைத் திறந்து கொடுத்தவனும் அவன்தான்.

“இத விடுக்கா. இன்னொரு கம்பெனி இருக்கு, அதுவும் ஓசிதான். பத்து நிமிசத்துல தொறந்து தர்றேன்.”

“அவனும் மூடிட்டான்னா?”

“இன்னொருத்தன் வருவான்.”

“ஒனக்குப் பத்து நிமிசம்டா. நூத்தி நாப்பது பந்தலுக்கு அட்டை மாத்த நாந்தான அலையணும்?”

சுரேஷ்கண்ணன் சிரித்தான். “அப்ப நெட்டுல சொந்தமா ஒரு பேரு வாங்கிரு. பக்கத்த எங்கன தூக்கி வச்சாலும் பேரு ஒன்னோடது. அட்டையில அந்தப் பேரு இருந்தாப் போதும், பின்னாடி எத வேணும்னாலும் மாத்திக்கலாம்.”

உமாதேவி போனில் பழைய முகவரியைப் பார்த்தாள். முன்னால் நிறுவனத்தின் பெயர். அப்புறம் ஒரு சாய்கோடு. கடைசியில், இடம் இருந்ததால் ஒட்டிக்கொண்டதுபோல, அவள் பெயர். இத்தனை வருடம் அதை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“வாங்கிட்டா சாகுற வரைக்கும் எனக்குத்தானா?”

“வருசா வருசம் புதுப்பிக்கணும். மறந்தா போச்சு.”

“அப்ப இதுவும் குத்தகதான்.”



திரும்பும் வழியில், ஊர் நெருங்கும்போது வேல்பாண்டி சொன்னான்: “குத்தகக் காட்டுல யாரும் கல்தூண் நட மாட்டாக.”

தூண் ஊன்றி, கம்பி இழுத்து, முதல் காய்ப்புக்கு ஒன்றரை வருடம் காத்திருக்கிற வேலை திராட்சை. அடுத்தவன் நிலத்தில் தக்காளி போடுவார்கள், கத்தரி போடுவார்கள், திராட்சை போடமாட்டார்கள். நூற்று நாற்பது அட்டையையும் அடுத்தவன் பெயரில் கட்டிவிட்ட உமாதேவிக்கு அது சுருக்கென்றது.

“அப்ப வருசா வருசம் புதுப்பிக்கிறது?”

“சொந்தக் காட்டுக்கும் வருசா வருசம் தீர்வ கட்டுறோம்ல.”

மறுநாள் காலையில் அவள் சொந்தமாக ஒரு பெயர் வாங்கினாள். புது அட்டைகள் வர நான்கு நாள் ஆயிற்று. முதலில் அனுமந்தன்பட்டிக்குப் போனார்கள்.

அங்கே ராக்கப்பன் தோட்டத்தில், கொடியில் கட்டச் சொன்ன அட்டை பந்தல் வாசல் தூணில் தொங்கியது. அதன் அருகே ஒரு திருஷ்டிப் பூசணியும் தொங்கியது. உமாதேவி அட்டையை அவிழ்க்கப் போனாள்.

“கை வைக்காத தாயி,” என்று ராக்கப்பன் வரப்பிலிருந்தே சொன்னார்.

“இது இனி வேல செய்யாதுண்ணே. புதுசு கொண்டாந்திருக்கேன்.”

“வேல செய்யாதுன்னு யாரு சொன்னா? கட்டுனதுல இருந்து மூணு வெள்ளாம, ஒரு குறையில்ல.”

அவர் மனைவி ஜக்கம்மா கூடையை இறக்கி வைத்தாள். “போறவக வர்றவக கண்ணெல்லாம் அந்தக் கட்டத்துல போய்ச் சிக்கிக்கிருது. எங்கன ஆரம்பிக்குது, எங்கன முடியுதுன்னு பாத்துக்கிட்டே போயிருவாக. பழத்துமேல பார்வ விழுகாது. பூசணிய விட இது தேவல.”

“அது போன்ல பிடிக்கிறதுக்கு மதினி.”

“பிடிச்சா?”

“என் போட்டோவும் நம்பரும் வரும்.”

“ஒம்போட்டோவா? அதான் ஒரு கண்ணும் அண்டல,” என்றார் ராக்கப்பன்.

“இவரு போட்டோவா இருந்தா காக்காயும் அண்டாது,” என்றாள் ஜக்கம்மா. வேல்பாண்டிகூடச் சிரித்துவிட்டான்.

உமாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாப் பந்தலிலும் இதே கதையென்றால்? பழைய அட்டையை யாராவது போனில் பிடித்து, பக்கமே இல்லையென்று வந்தால், அவள் தொழிலை விட்டுவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். பந்தல் நிழலில் உட்கார்ந்தாள். கொத்துகளுக்கு நடுவே வெயில் சில்லறையாக விழுந்தது. ஜக்கம்மா பழம் அறுக்கப் போனாள், ஒரு கூடை நிரப்பித் திரும்பியும் வந்தாள்.

“மதினி, அது இருந்துட்டுப் போகட்டும். ஆனா திருஷ்டிக்குக் கட்டுனதுன்னா பொட்டு வைக்க வேண்டாமா? வெறுமனயா தொங்க விடுவாக?”

ஜக்கம்மா யோசித்தாள். “அதானே.”

மோட்டார் அறையில் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. அட்டையின் மூலையில் உள்ள பெரிய கட்டத்தை மறைத்தால் போன் படிக்காது என்பது உமாதேவிக்குத் தெரியும். அந்த மூலையில் கட்டைவிரலால் பெரிதாகவே ஒரு பொட்டு வைத்தாள். புது அட்டையைப் பழம் அடுக்குகிற இடத்துத் தூணில் கட்டினாள். அங்கேதான் வியாபாரிகள் வந்து உட்காருவார்கள். வேல்பாண்டி போனில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினான்.

ராக்கப்பன் தள்ளி நின்று பொட்டைப் பார்த்தார். “இப்பத்தான் அம்சமா இருக்கு.”

அடுத்த நாளிலிருந்து வண்டியில் ஒரு பெயிண்ட் டப்பாவும் போனது. பாதிக்கு மேற்பட்ட பந்தல்களில் அதற்கு வேலை இருந்தது.

மாதம் முடிவதற்குள் நூற்று முப்பத்தொரு பந்தல்களில் புது அட்டை ஏறியது. மீதி ஒன்பதில் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு வெள்ளாமை போட்டிருந்தார்கள். அந்த நிறுவனம் சொன்ன தேதியில் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உமாதேவி தன் பக்கத்தை இரண்டு தடவை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிவிட்டாள், அட்டைகளைத் தொடவில்லை. நாற்று போன வருடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விற்கிறது. பெயரைப் புதுப்பிக்கிற தேதியை வேல்பாண்டி காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறான். ராக்கப்பனும் ஜக்கம்மாவும் இன்னும் அரை ஏக்கருக்கு நாற்று வாங்கிப் பந்தல் போட்டார்கள். சுரேஷ்கண்ணன் தன் கடைக்கும் சொந்தப் பெயர் வாங்கினான், முதல் வருடமே புதுப்பிக்க மறந்து அதை இழந்தான், இப்போது வேறொரு பெயரில் இருக்கிறான்.