கழுதை ஒரு வீட்டில், விருந்தாளி ஒரு வீட்டில்

அந்தப் பெண் எங்கள் சர்சங் கிராமத்துக்கு வந்த பிற்பகலில் நான் கூரைமேல் நின்று வறட்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளத்தாக்கின் வாயில் ஒரு கழுதை வந்தது. அதன் பின்னால் வைக்கோல் நிறத் தலைமுடியோடு நெட்டையாக ஓர் உருவம். ஏரியைப் பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை. வழி தவறினால்தான் வர வேண்டும். எனக்குத் தெரிந்து அதுவரை வழி தவறி வந்தவர் ஒரே ஓர் உப்பு வியாபாரி. அவரும் எங்கள் ஊரிலேயே பெண் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார்.

"விருந்தாளி வருது!" என்று கத்தினேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவர் சமன், அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் ஏவஸ், இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு என் அக்கா ஜேவரையும் தம்பிக்கு என்னையும் ஒரே நாளில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே முற்றம், ஒரே அடுப்பு. முற்றத்தின் நடுவில் ஒரு நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்ளார் மரம் நின்றது. மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது அறை கட்ட உத்தரமாகும் என்று அத்தான் அதை வளர்த்துவந்தார். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு நாள் என் கணவர் அதை வெட்டி எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டுவிட்டார். திரும்பி வந்த அத்தான் அடிமரத்தைப் பார்த்தார். மறுநாள் மண் குழைத்தார். இவரும் இந்தப் பக்கத்தில் இருந்து மண் குழைத்தார். மூன்று நாளில் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பிவிட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

நான்கு வருடம். நான் இரண்டாவது மகளைப் பெற்றபோது அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முக்குடி! இன்னும் முக்கு! அன்னைக்கு நான் முக்கலையா?" என்று கத்திக் கத்தியே பிரசவம் பார்த்தாள். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேசிக்கொள்வோம். ஆனால் அவள் வீட்டு நிலைப்படியை நான் மிதிக்கவில்லை, என் வீட்டை அவள் மிதிக்கவில்லை.

விருந்தாளி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நடந்தது இதுதான். கழுதைக்குத் தாகம். அது நேராக எங்கள் முற்றத்துக்குள் நுழைந்து வாளியில் வாயை வைத்துவிட்டது. அதைப் பிடிக்க வந்த பெண்ணின் கையை அத்தான் பிடித்து, "வாங்கம்மா, வாங்க, வீடு உங்க வீடு" என்று தன் வாசலுக்குள் அழைத்துப் போய்விட்டார்.

என் கணவர் கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூட்டை இங்க இருக்கு. மூட்டை இருக்கற வீட்டுலதான் விருந்தாளி" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்து அத்தானும் வானத்துக்கே பதில் சொன்னார். "கழுதைக்குக் கழுதை துணை. பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு."

அவள் பெயர் இங்கெர். வடக்கே குளிர்க் கடலோரத்தில் டென்மார்க் என்று ஒரு நாடாம். எங்கள் நாக்கில் அந்தப் பெயர் நிற்கவில்லை. முதல் குவளைத் தேநீர் முடிவதற்குள் அங்கூர் ஆகிவிட்டாள். எங்கள் மொழியில் திராட்சை. எங்கள் உயரத்தில் திராட்சை விளையாது என்பதால் ஊரே அவளைப் பார்க்க வந்தது.

ஆடை, சோப்பு, சீப்பு எல்லாம் மூட்டையில். மூட்டை எங்கள் வீட்டில். அதனால் ஒரு நாளைக்குப் பத்து முறை அவள் தெருவைச் சுற்றி இங்கே வர வேண்டியிருந்தது. வந்தால் விடுவேனா? ஒவ்வொரு முறையும் ஒரு குவளைத் தேநீர், ஒரு நான் ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய். அங்கே போனால் அக்கா அதேபோல். மூன்றாம் நாள் அவளுடைய கால்சட்டைப் பொத்தான் மாட்டவில்லை.

அவளுக்கு எங்கள் மொழியில் இருபது சொற்கள் தெரியும். அந்த இருபதை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பித்தார்கள்.

"அங்கூர், அந்த வீட்டு ஆளுகிட்டச் சொல்லு, கழுதைக்கு வெறும் வைக்கோல் போடக்கூடாதுன்னு. பார்லியும் கலக்கணும்" என்பார் அத்தான்.

அவள் சுற்றி வந்து, நெஞ்சில் கை வைத்து வணங்கி, "அண்ணன் சொல்றார். கழுதை நல்லது. நீங்க பார்லி சாப்பிடணும்" என்பாள்.

"நானா? நான் பார்லி சாப்பிடணுமா?" என் கணவர் சிவந்துபோவார். "போய்ச் சொல்லு, கோழியடிச்சு விருந்து வைக்கறவனுக்கு இவ்வளவு வாய் ஆகாதுன்னு. நான் ஆடு அறுக்கப் போறேன்னு சொல்லு!"

அவள் திரும்பிப் போய், "தம்பி சொல்றார். கோழி ரொம்ப நல்லது. ஆடு உங்களுக்கு" என்பாள்.

அத்தான் குழம்பிப்போய்த் தாடியைச் சொறிவார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிடுவாள். இந்தப் பக்கம் நான் மாவுப் பானைக்குள் தலையை விட்டுச் சிரிப்பேன்.

சொன்னபடி என் கணவர் ஆட்டை அறுத்தார். நான் சமைத்தேன். ஒரு பெரிய மரத்தட்டில் கறியையும் சாற்றில் ஊறிய ரொட்டியையும் வைத்து, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றி, அங்கூர் கையில் கொடுத்தோம். அவளுக்குத்தான் கொடுத்தோம். அவளோ அதைச் சுமந்து போய் அத்தான் முன்னால் வைத்துவிட்டாள்.

அத்தான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார். விருந்தாளி கொறிக்கிறாளே என்று, எப்படிச் சாப்பிட வேண்டும் எனக் காட்டுவதற்காக ஏழு நான்களை உள்ளே தள்ளியிருந்தார். ஆனால் விருந்தாளி கையால் வைத்ததை எப்படி மறுப்பது? தட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டார். அங்கூர் பதறிப்போனாள்.

"என்ன? என்ன?"

"தில் வலிக்குதும்மா, தில்லு" என்று முனகினார் அத்தான்.

தில் என்றால் எங்களுக்கு வயிறும்தான், நெஞ்சும்தான். ஆள் பிடித்திருக்கும் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அங்கூரின் இருபது சொற்களில் தில் என்பதற்கு நெஞ்சு என்று மட்டும்தான் இருந்தது. இரண்டு நாளாக அண்ணன் தம்பி விவகாரத்துக்குள் நடந்து நடந்து கால் தேய்ந்தவள், விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இந்த முறை தெருவைச் சுற்றவில்லை. ஒரு மர முக்காலியை இழுத்துப்போட்டு ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சமன்! அண்ணன், தில் வலி! ரொம்ப வலி! சமனுக்காக!"

கழுதைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்த என் கணவரின் முகத்தில் ரத்தம் இல்லாமல் போனது. அவர்களுடைய அப்பா நெஞ்சு வலியில்தான் போனார், இதே போல ஒரு கோடையில், இதே நேரத்தில்.

"அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. வாசல் என்று ஒன்று இருப்பதையே மறந்து நேராகச் சுவரில் தாவினார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு பேரும் சுவருக்குப் புது மண் பூசுவார்கள், அவரவர் பக்கத்துக்கு மட்டும். உச்சி யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யாரும் பூசவில்லை. நான்கு வருடப் பனியும் மழையும் மேலே இருந்து உள்ளே இறங்கியிருந்தன. என் கணவர் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டதும் சுவர் ஒரு பெருமூச்சு விட்டது போலிருந்தது. அடுத்த கணம் அவரோடு சேர்ந்து பாதிச் சுவர் அந்தப் பக்கம் சரிந்தது. அங்கூர் முக்காலியிலிருந்து பின்னால் குதித்துத் தப்பித்தாள். மோரைக் கெட்டியாக்கி உருட்டி அக்கா காயவைத்திருந்த ஈரக் கட்டிகளின் நடுவே என் கணவர் குப்புற விழுந்து, புழுதியோடு எழுந்து, உள்ளே ஓடினார். நானும் இடிந்த இடத்தின் வழியாக ஓடினேன்.

அத்தான் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருந்தார். தம்பியின் தாடி முழுக்க மண்ணும் மோரும்.

"அண்ணே, நெஞ்சு எப்படி இருக்கு? படு, படு. எழுந்திரிக்காத."

"நெஞ்சா? நெஞ்சுக்கு என்ன? வயிறுடா. வயித்து வலி."

"வயிறா?"

"உன் ஆட்டுக்கறிதான்டா பாவி."

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டுக் கறியையா சாப்பிட்ட?"

"விருந்தாளி வச்சா என்ன பண்றது?"

"எப்படி இருந்துச்சு?"

அத்தான் யோசித்தார். "உப்பு கம்மி."

"உப்பு கம்மியா?" என்று நான் கத்தினேன். "ஒரு துணுக்கு மிச்சம் வைக்காம வழிச்சுத் தின்னுட்டு உப்பு கம்மியா, அத்தான்?"

முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு. அத்தான் சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்தது. வலிக்க வலிக்க, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடா" என்று புரண்டார். என் கணவர் அண்ணனுடைய காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, "அந்த மரம், அண்ணே..." என்று தொடங்கினார். "மரத்தை விடுடா, முதல்ல தாடியைத் துடை" என்றார் அத்தான். அங்கூர் வாசலில் நின்று எங்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். தன் மருத்துவம் பலித்துவிட்டது என்ற பெருமை அவள் முகத்தில். நாங்கள் யாரும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அக்கா என் கையை இழுத்தாள். "வாடி, இவங்க மனசு மாறுறதுக்குள்ள."

வெளியே போய் நின்றிருந்த மீதிச் சுவரை இருவரும் உதைத்தோம். தோளால் தள்ளினோம். அக்கா உலக்கையை எடுத்துவந்தாள். அங்கூர் எதற்கு என்று கேட்காமல் தானும் வந்து தோள் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் முற்றம் ஒன்றாகிவிட்டது. கழுதை முதல் ஆளாகக் கடந்துபோய் அக்கா வீட்டுப் பாத்தியில் இருந்த வெங்காயத்தாளை மேய்ந்தது.

அவள் மேலும் ஐந்து நாள் இருந்தாள். உப்பு வியாபாரி எங்கள் பக்கத்து இரட்டைக் கம்பித் தம்புராவை எடுத்துவந்து கை ஓயும்வரை வாசித்தார். அங்கூர் ஆடினாள். கொக்கு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது போல ஆடினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதே மாதிரி ஆடிக் காட்டினோம்.

கிளம்பும் நாள் காலையில் புதுத் தகராறு. ஏரிக்கு மேட்டு வழியா, ஆற்று வழியா?

"மேட்டு வழியில போனா கழுதை செத்துரும்" என்றார் அத்தான்.

"ஆத்து வழியில போனா கழுதை நனைஞ்சு செத்துரும். நீ எப்பண்ணே ஏரிக்குப் போன?"

"நீ போனியா?"

"போனதில்ல."

"நானும் போனதில்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போர்வையை எடுத்துத் தோளில் போட்டார்கள். அங்கூர் எங்களைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, எங்கள் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டுக் கழுதையின் கயிற்றைப் பிடித்தாள். முன்னால் அவள், பின்னால் கைகளை வீசி வாக்குவாதம் செய்துகொண்டே இரண்டு ஆண்கள். வளைவு தாண்டி மறைந்த பிறகும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"போய்ட்டு வர மூணு நாள் ஆகும்" என்றாள் அக்கா.

"நாலுகூட ஆகலாம். வழியிலயே சண்டை போட்டுட்டு நிப்பாங்க."

அவள் தன் அறையிலிருந்து மெத்தையை எடுத்துவந்து முற்றத்தின் நடுவில் வெயிலில் விரித்தாள். நான் வெண்ணெய்க் கிண்ணத்தையும் சூடான நான்களையும் கொண்டுவந்தேன். காலை நீட்டி உட்கார்ந்தோம். மாடு கத்தியது, பிள்ளைகள் கூப்பிட்டன. அன்று முழுக்க நாங்கள் இருவரும் எழுந்திருக்கவே இல்லை.