முன்னால் நடப்பவள்

அப்படியே நின்று வேர்விட்டுவிடேன், அது ஒன்றுதான் பாக்கி... கஸ்யோகா பல்லைக் கடித்தாள். கண்ணுக்கு முன்னால் நப்விரேயின் பச்சைப் பை ஆடி ஆடிப் போகிறது, அதில் தொங்கும் தகரக் குவளை டொங்... டொங்... காலையிலிருந்து இதே சத்தம், இதே முதுகு. மெதுவாக நடப்பவள்தான் முன்னால் போக வேண்டும், மற்ற மூன்று பேரும் அவள் பின்னால், எந்த மகராசன் போட்ட சட்டமோ, வகுப்பில் கரும்பலகையில் நான்கு குச்சி மனிதர்களை வரைந்து காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது, இந்த அபர்டேர் மலையில், மூங்கில் காட்டுச் சேற்றில் வந்து நடந்து பார்க்கட்டும். நான்கு மணிக்குக் காட்டுவாசலில் நான்கு பேரும் நிற்க வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் யாருக்கும் மலைநடைப் பதக்கம் இல்லை. எனக்கு அந்தப் பதக்கம் வேண்டும், வேண்டும் என்றால் வேண்டும்... ஜூன் மாதம், எதிர்த்துப் பேசினேன் என்று, பள்ளிக்கூடம் மொத்தமும் பார்க்க மேடையில் வைத்து என் சட்டையிலிருந்து மாணவத் தலைவி பட்டையைப் பிடுங்கிய அதே தலைமையாசிரியை, அதே மேடையில், அதே சட்டையில் அந்தப் பதக்கத்தைக் குத்திவிட வேண்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டாமா? இவள் நடக்கிற நடையில் எங்கே பார்ப்பது!

ச்சு, என்று நாக்கைத் தட்டினாள், சத்தமாகவே. வீட்டில் யாரையாவது பார்த்து இப்படி ச்சு கொட்டியிருந்தால் அம்மா செருப்பைக் கழற்றியிருப்பாள், கெட்ட வார்த்தையைக்கூட மன்னிப்பாள், இதை மன்னிக்க மாட்டாள். கொட்டட்டும், நன்றாகக் கேட்கட்டும். பின்னால் அகோத் சிரித்தாள், "மெல்லடி, மேடம் காதுல விழுந்துடப் போவுது" என்றாள் ஜெப்கோஸ்கெய். எங்களைக் கண்காணிக்கும் மேடம் இருநூறு அடி பின்னால் வருகிறார், வாயைத் திறக்கக் கூடாது, உதவக் கூடாது, நோட்டில் எழுத மட்டும் செய்யலாம், எழுதட்டும்... ச்சு. ச்சு. எத்தனை தடவை கொட்டியிருப்பேன், முப்பது? நப்விரே ஒரு தடவையாவது திரும்பி, "என்னடி?" என்று கேட்டாளா? அந்த மௌனம்தான் இன்னும் எரிகிறது, சண்டைக்காவது வாயேன், கல்லுளிமங்கி!

ஓடையைத் தாண்டும்போது இரண்டே முக்கால். நப்விரே ஒரு பாறையில் சாய்ந்து பையை இறக்கினாள், போச்சு, எல்லாம் போச்சு. "கொடுடி அதை, நானே சொமந்து தொலைக்கிறேன்!" கஸ்யோகா பாய்ந்து வாரைப் பிடித்து இழுத்தாள். பை எழும்பவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், என்ன எழவு இது, கல்லா? வாயைப் பிரித்தால்... கூடாரத் துணி, கம்பிகள், பெரிய சட்டி, ஈரத்தில் ஊறிய, உகாலிக் களி கிண்டும் மக்காச்சோள மாவு மூட்டை. யார் இதையெல்லாம்... நான்தான். முதல் நாள் பள்ளி ஆய்வகத்துத் தராசில் பைகளைத் தொங்கவிட்டு நிறுத்துச் சமமாகப் பிரித்தார்கள், இன்று காலை காட்டில் ஏது தராசு, நான்தான் பிரித்தேன், இவள் எங்கள் நான்கு பேர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள், "வராதவளுக்கு மிச்சமெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே திணித்தது நான்தான், அகோத்கூட முழங்காலால் அமுக்கிக் கொடுத்தாள்.

"ஏன்டி சொல்லல?" கத்தினாள். நப்விரே தோளைத் தடவிக்கொண்டாள், வார் பதிந்த இடம் கன்றிக் கிடந்தது. "எல்லார் பையும் இவ்ளோ கனம்தான் இருக்கும்னு நெனச்சேன். நான்தான் சொத்தைன்னு நெனச்சேன்" என்றாள், அதைக்கூடச் சாதாரணமாக.

கூடாரத்தையும் சட்டியையும் மாவையும் கஸ்யோகா தன் பையில் அடைத்தாள், கொடு என்ற அகோத்தின் கையைத் தட்டிவிட்டாள், எழுந்து நின்றால் பை பின்னால் இழுத்தது, பத்தடிக்குள் மூன்று பேரும் அவளை முட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டம் சட்டம்தானே. "முன்னால போ" என்றாள் ஜெப்கோஸ்கெய். முன்னால் இப்போது முதுகே இல்லை, சேறும் மேடும்தான், மூன்று மணி ஆகியிருக்குமா, பதக்கம்... இருக்கட்டும், நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய பயண நோட்டில் ராத்திரி என்ன எழுதுவது, தாமதத்துக்கு யார் பெயரைப் போடுவது? குதிகாலுக்குப் பின்னால் குவளைச் சத்தம், டொங்டொங், எவ்வளவு வேகமாக வருகிறது, இவளுக்கு இவ்வளவு வேகமாக நடக்க வருமா! இப்போது இவள் ச்சு கொட்டுவாள். இந்த மேட்டில் கொட்டுவாள். முதுகு முழுக்கக் காதாகக் காத்திருந்தாள், கொட்டித் தொலையேன்டி, ஒரே ஒரு தடவை, அப்புறம் நானும் திரும்பி ஏதாவது கத்துவேன், சரியாகிவிடும்... நப்விரே கொட்டவில்லை. குவளைதான் மெல்ல மெல்லத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கஸ்யோகாவின் நடைக்குத் தக்கபடி, பின்னால் வந்துகொண்டிருந்தது.