ரெய்னோவின் நூற்று எழுபத்திரண்டு

முதல் ஓட்டத்தில் விமானம் தண்ணீரை விட்டுக் கிளம்பவே இல்லை. மிதவைகள் ஏரியை உழுதுகொண்டே போக, எதிர்க்கரை மரங்கள் கிட்டே கிட்டே வந்தன. பைலட் ரெய்னோ எஞ்சின் விசையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். கரைக்கு நூறடி இருக்கையில் விமானம் அடங்கியது.

பக்கத்து இருக்கையில் மார்செல்லின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் அவன் மகள் ஜோசே, மூஸ் மான் இறைச்சி மூட்டைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நாலு நாள் வேட்டை முடிந்து வீடு திரும்புகிறார்கள்.

"ஏன் எழும்பல?" என்றான் மார்செல். "ஒவ்வொரு மூட்டையையும் ரெண்டு தடவ எடை போட்டேன். கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"காத்து இல்ல, தண்ணியும் கண்ணாடியாக் கெடக்கு," என்றார் ரெய்னோ. பாதி உண்மை. மீதிப் பாதி அவருடைய இடுப்பில் இருந்தது.

விமானக் கம்பெனியின் ஏரித்துறையில் ஏறுகிற மனிதன், பெட்டி, நாய் எல்லாம் தராசில் நின்றாக வேண்டும். பைலட்டை மட்டும் யாரும் எடை போடுவதில்லை. வருஷா வருஷம் ஏரிப் பனி உருகியதும் அவர் வாயால் சொல்லும் எண்ணைக் கம்பெனி ஆபீசில் இருக்கும் டோரீன் எழுதிக்கொள்வாள். குளிர்காலம் வரைக்கும் அதுதான் வேதவாக்கு. பத்து வருஷமாக ரெய்னோ சொல்லி வந்தது நூற்று எழுபத்திரண்டு பவுண்டு. இன்றைக்கு உண்மை இருநூற்றாறு.

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்தது. பிறகு ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. சதை கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு குடியேறியது. டாக்டர் சொன்னபடி தினமும் நடைபோனார், இரும்பு தூக்கினார், மனைவி மார்லீன் தட்டில் வைத்த முட்டையும் பீன்ஸும் வாய் பேசாமல் தின்றார். எடை ஏறுவது நின்றதே தவிர, ஏறியது இறங்கவில்லை. பறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் துறையில் ஊசி என்ற பேச்சு வந்தால் செத்தே போவேன் என்றிருந்தது அவருக்கு. அதனால் ஒரு தந்திரம்: கூடின முப்பத்துநாலு பவுண்டுக்கு ஈடாக ஐந்து கேலன் எரிபொருளைக் குறைத்துக்கொள்வார். இன்று திரும்பும் வழியில் மேலே எதிர்க்காற்று இருக்கும் என்றார்கள். அதனால் எதையும் குறைக்காமல் டாங்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"கோரை மண்டின அந்தக் கடைசி வரைக்கும் போயி, அங்கேருந்து நீளமா ஓட்டினா எழும்பிடும்ல?" என்றான் மார்செல்.

எழும்பலாம். எழும்பாமலும் போகலாம். ரெய்னோ விமானத்தைக் கோரை வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பினார். குளிர்ந்த செப்டம்பரிலும் முதுகெல்லாம் வியர்வை. அதுவும் ஊசி கொடுத்த சீதனம். கை விசையில் இருந்தது. பின்னால் ஜோசே பெல்ட்டை இறுக்கும் சத்தம் கேட்டது.

"ரெடி, ரெய்னோ," என்றாள், பஸ்ஸில் போகிறவள் போல.

அவர் எஞ்சினை அணைத்தார்.

"கறிக் கணக்கு சரியாத்தான் இருக்கு, மார்செல். நான்தான் தப்பு. முப்பத்திநாலு பவுண்டு கம்மியா எழுதியிருக்கேன்."

"யாரோடத?"

"என்னோடத."

புரிந்ததும் மார்செல்லின் கழுத்து நரம்பு புடைத்தது. "என் பொண்ணப் பின்னால உக்கார வெச்சுக்கிட்டுப் பொய்க் கணக்குலயா ஓட்டுன? உனக்கெல்லாம் வெக்கமா இல்ல?"

"வெக்கந்தான். வெக்கப்பட்டுத்தான் இப்படிப் பண்ணேன்."

"டோரீன்கிட்ட சொல்லு. இப்பவே, என் காதுபட."

அந்த ரேடியோ அலைவரிசையில் சுற்றுவட்டாரத்து முகாம்கள், பைலட்டுகள் அத்தனை பேருக்கும் காது உண்டு. ரெய்னோ மைக்கை எடுத்தார்.

"டோரீன், என் எடையைத் திருத்து. இருநூத்தி ஆறு."

"விளையாடுறியா? எங்கேருந்துய்யா வந்துச்சு அவ்வளவு?"

சாப்பாடு என்று சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டார். "புராஸ்டேட் கேன்சருக்கு ஊசி போடுறேன். ஒண்ணரை வருஷமா. இங்க ஏரியில எழும்ப முடியாம நிக்கிறேன்."

இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வால்ட்டின் கரகரத்த குரல். முப்பது வருஷமாக இதே ஏரிகளில் பறப்பவன். "டோரீன், என்னுதயும் திருத்திடு. நூத்தி எண்பது இல்ல. இருநூத்தி இருபது."

"உனக்குமா ஊசி?"

"இல்ல. எனக்கு பீர்." கொஞ்சம் நிறுத்தினான். "ரெய்னோ, பாதிக் கறியக் கரையில எறக்கிட்டு அங்கேயே இரு. ஒரு மணி நேரத்துல வந்து அத நான் ஏத்திக்கறேன். கரடிக்கு விட்டுட்டுப் போயிடாத."

ரெய்னோ மைக்கை மடியில் இறக்கினார். மார்செல் கை நீட்டி அதை வாங்கினான்.

"சீக்கிரம் வா, வால்ட். நாங்க மூணு பேரும் இங்கதான் இருக்கோம்."