பீச்சாங்கைத் துப்பாக்கி

சின்னப்பராஜ் ஒரு முடிவெடுத்துவிட்டால் ஆண்டவரே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது என்பது சுருளிப்பட்டி முழுக்கத் தெரியும். வாங்கினால் செமி ஆட்டோ துப்பாக்கி, அதுவும் ஒன்றே ஒன்று. மகள் ரீட்டா போட்டியில் பறக்கும் களிமண் தட்டை அதால் சுட்டு உடைக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் பன்றி இறங்கினால் இவர் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட வேண்டும். வேட்டை கீட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஜெயிலில் களி தின்ன அவருக்கு ஆசையில்லை.

தேனிக்குப் பக்கத்தில் துப்பாக்கி சுடும் கிளப் மைதானம்; மகளோடு வந்திருந்தார். பயிற்சியாளர் சாலமன் மேசைமேல் இரண்டு துப்பாக்கிகளை வைத்தார்.

"இது வெடிச்சதும் காலி ஷெல்லை, அதான் தோட்டாக் கூட்டை, வலது பக்கம் தள்ளும். இது இடது பக்கம். இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சது."

"பீச்சாங்கைக்குமா துப்பாக்கி செய்றாக?" சின்னப்பராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அத அங்கன ஓரமா வைங்க சார். எங்க வீட்டுல எல்லாம் சோத்துக்கைதான்."

ரீட்டா முதல் துப்பாக்கியை எடுத்து வலது தோளில் பதித்தாள். பத்துத் தட்டு பறந்தது, இரண்டுதான் உடைந்தது. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. இந்த லட்சணத்தில் போனால் முதல் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். சின்னப்பராஜ் சாலமன் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் இது, மெடல் வாங்கின புள்ளையில்ல?"

சாலமன் தயங்கினார். "நீங்க நிக்கிறீகன்னு கைய மாத்திருச்சு. எப்பவும் இடது தோள்லதான் சுடும். பத்துக்கு எட்டு குறையாது."

சின்னப்பராஜ் மகளின் இடது கையைப் பார்த்தார். சாப்பிடும்போதெல்லாம் குழந்தையின் இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிப்போட்டது அவர்தான். சாமியார் கொடுத்த ஜெபமாலையை அந்தக் கையால் வாங்கினாள் என்று கோயில் வாசலிலேயே கன்னத்தில் ஒன்று வைத்ததும் அவர்தான். பழக்கம் மாறிவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். பாவி, மாறவில்லை. ஒளித்து வைத்திருக்கிறாள்.

"உங்களுக்கும் தோட்டத்துக்கு வேணுமில்ல? இடது கைத் துப்பாக்கி உங்களுக்கு எப்படி இருக்குன்னு பாருங்க," என்றார் சாலமன்.

அவர் அதை வலது தோளில் வைத்து அழுத்தினார். டமார்! காலி ஷெல் முகத்துக்குக் குறுக்கே பாய்ந்து கன்னத்தை உரசிக்கொண்டு போனது.

"ஆத்தாடி!"

ரீட்டா பதறி ஓடிவந்தாள். "சுட்டுருச்சாப்பா?"

"சுடத்தான் செய்யுது," என்றார். கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு சாலமனிடம், "இதையே வாங்கிருவோம் சார்."

"தோட்டத்துக்கு?"

"பன்னிக்குத் தகரத்தத் தட்டிக்கிறேன். அது என்ன, மெடலா வாங்கப் போகுது?"

தோட்டாப் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை மகளிடம் நீட்டினார். ரீட்டா வழக்கம்போல் வலது கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"அந்தக் கை இல்ல ஆத்தா," என்றார்.