முப்பத்தோராம் பக்கத்துப் பிழை

பத்து மணிக்குக் கல்லூரியில் வகுப்பு எடுக்க வேண்டும். ஒன்பதே காலுக்குத்தான் அந்தக் கட்டுரை அவள் கண்ணில் பட்டது. தினமும் காலையில் புதிய ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும் இணையப் பட்டியலில் நான்காவது. தலைப்பை இரண்டு முறை படித்தாள். அவளும், 'ரப்பர்' என்று அவள் கூப்பிடும் நண்பனும் மூன்று வருடம் மல்லுக்கட்டிய கணக்கு அது. முன்பின் தெரியாத இரண்டு பேர் முடித்துவிட்டிருந்தார்கள்.

கணக்கு இதுதான்: ஒரு தளம் முழுக்க நுண்காந்தங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக் காந்தத்தோடு மட்டும்தான் பேசும். மொத்தக் கூட்டத்தின் மிகக் குறைந்த ஆற்றலுக்கும் அதற்கு அடுத்த ஆற்றலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. காந்தங்களை முடிவில்லாமல் சேர்த்துக்கொண்டே போனாலும் அந்த இடைவெளி மூடாமல் இருக்குமா? இருக்கும் என்று கணினி சொல்லிவிட்டது. நிரூபிக்கத்தான் அதுவரை ஆளில்லை.

ரப்பர் அவளோடு ஆராய்ச்சி செய்தவன். பலகையில் எழுதியதை யாரும் பார்ப்பதற்குள் தானே அழித்துவிடுவான். அதனால் அந்தப் பெயர். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஆராய்ச்சியை விட்டு ஊருக்குப் போனான். பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை, கல்யாணம், ஒரு மகள். அவள் வாழ்த்து அனுப்பினாள், அவன் நன்றி சொன்னான். ஏழு வருடத்தில் அவ்வளவுதான் பேச்சு.

வகுப்பு முடிந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"நம்ம கணக்க முடிச்சிட்டாங்க, தெரியுமா?"

"முப்பத்தோராம் பக்கத்துல இருக்கேன்," என்றான் அவன்.

"இன்னும் பட்டியல் பாக்குறியா நீ?"

"தினமும். பஸ்ல. அந்த முப்பத்தோராம் பக்கத்துல ஓட்டை இருக்கு. ஓரத்துக் காந்தங்கள விட்டுட்டாங்க," என்றான்.

அவன் சொன்னது சரிதான். அன்றிலிருந்து பதினொரு நாள், மதியம் ஒரு மணிக்கு அவன் கூப்பிடுவான். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டைத் திறந்து வைப்பாள்; சோறு ஆறிப்போகும். ஓட்டை எங்கே, எதனால், எப்படி அடைக்கலாம் என்று ஒரு குறிப்பு வளர்ந்தது. ஒன்பதாம் நாள் அதைக் கட்டுரை எழுதியவர்களுக்கு அனுப்பினார்கள்.

"உன் பேரும் போட்டிருக்கேன்," என்றாள்.

"எந்த நிறுவனம்னு போட்ட? பஸ் டிப்போவா?"

"போட்டா என்ன? முதல் தடவையா டிப்போவுலேர்ந்து ஒண்ணு சரியான நேரத்துக்கு வந்திருக்குன்னு சந்தோஷப்படுவாங்க."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஏழு வருடம் ஏங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பன்னிரண்டாம் நாள் திருத்திய கட்டுரை வந்துவிட்டது. அவர்கள் சொன்ன வழியிலேயே ஓட்டையை அடைத்திருந்தார்கள். கடைசியில் இருவருக்கும் ஒரு வரி நன்றி.

"நல்ல மனுஷங்க. பொழைச்சிக்கிட்டாங்க," என்றான் ரப்பர்.

"இன்னொரு கணக்கு எடுக்கலாமாடா?"

போனில் அவன் பக்கம் யாரோ எட்டாம் நம்பர் பஸ்ஸைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆசையாதான் இருக்கு," என்றான் அவன். "அதனாலதான் வேணாங்கிறேன். பத்து நாளா பொண்ணு பேசுறது காதுலயே விழல. நேத்து அவளே கேட்டுட்டா, அப்பா, நீ எங்க போயிட்டன்னு."

"சரிடா," என்றாள்.

மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மற்ற ஆசிரியர்களோடு போய் உட்கார்ந்தாள். என்ன யோசனை என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, சூடாக இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கினாள்.