அலமாரிக்குள் மெயில் சர்வர்

பெரிய கம்பெனிகளுக்கு அடிமையாக முடியாது என்று அத்தான் வீட்டு அலமாரியிலேயே மெயில் சர்வர் வைத்திருக்கிறார். நேற்று அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதில் அக்காவின் ஃபோல்டர்கள் எல்லாம் மாயம். நேர்காணல் அழைப்பு அதில்தான் இருந்தது. மாலைக்குள் பதில் போட வேண்டும்.

“எல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும்மா. தனியுரிமைன்னா சும்மாவா?” என்றார் அத்தான்.

“என் மெயில என்கிட்டருந்தே ஒளிச்சு வைக்கறதா தனியுரிமை?” என்றாள் அக்கா.

அவர் சர்வரைக் குடைந்துகொண்டிருக்க, நான் அக்காவின் மெயில் செட்டிங்கைத் திறந்தேன். ‘சந்தா செய்த ஃபோல்டர்களை மட்டும் காட்டு’ என்பதில் டிக் இருந்தது. சர்வரில் உள்ள சந்தாப் பட்டியலில் பெயர் இல்லாத ஃபோல்டர் கண்ணில் படாது.

“அத்தான், பழைய கம்ப்யூட்டர்லருந்து அந்தச் சந்தாப் பட்டியல் ஃபைலைக் காப்பி பண்ணீங்களா?”

“குப்பைன்னு விட்டுட்டேன்ப்பா.”

டிக்கை எடுத்தேன், ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அக்கா பதில் எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘இனி தயவுசெய்து தொலைபேசியில் அழைக்கவும்.’