மூத்தாள் சேலை

மாடிக் கொடியில் மயில்கழுத்து நிறச் சேலை காற்றை வாங்கி உப்புகிறது, இடுப்பு தெரிகிறது, தோள் தெரிகிறது, தலை மட்டும் இல்லை, கோமதி பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறாள், பார்த்துக்கொண்டே நின்றால் அது திரும்பிவிடும் என்று பயம். இன்று பாகீரதிக்குப் படையல், பாகீரதி கோமதியின் கணவன் வாசகத்துக்கு முதல் மனைவி, காய்ச்சலில் போனவள், மூத்தாளுக்கு எடுத்த புதுச்சேலையை நனைத்து உலர்த்தி இலைமுன் வைத்துக் கும்பிட்டு அப்புறம் இளையாள் கட்டிக்கொள்ள வேண்டும், இது நாத்தனார் சங்கரி போட்ட சட்டம், சங்கரி சட்டத்துக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. கல்யாணத்தன்றும் அவள்தான் பாகீரதியின் தாலிப்பொட்டு ஒன்றை இவள் கயிற்றில் சேர்த்துக் கோத்தாள், மூத்தாள் கழுத்தோடு இருந்தால் தொந்தரவு பண்ணமாட்டாளாம், இருந்தாள், நன்றாகவே இருந்தாள், கோமதி குனியும்போதெல்லாம் பொட்டும் பொட்டும் மோதிக் கிணுங்கும், காலையில் பாகீரதியின் மகள் மதுமிதாவை எழுப்பக் குனிந்தால் அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணை மூடியபடியே சிரிப்பாள், அம்மா குனிந்தால் கேட்ட அதே சத்தம், கண்ணைத் திறந்தால் கோமதி, சிரிப்பு அப்படியே அணைந்துபோகும், இப்போதெல்லாம் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டுதான் அந்த அறைக்குள் போகிறாள், திருட வந்தவள் மாதிரி.

வாசல் கதவோரம் மதுமிதாவின் பை நிற்கிறது, சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து தாய்மாமா வந்து கூட்டிப்போவார், இனி அங்கேதான் படிப்பு, அவளே கேட்டுக்கொண்டது, வாசகமும் சரி என்று சொல்லிவிட்டான். அந்தப் பையைத் தாண்டும்போதெல்லாம் கோமதிக்கு வேறொரு பை கண்ணில் வருகிறது, கோர்ட்டில் முடிந்துபோன அவளுடைய முதல் கல்யாணம், அந்த வீட்டுப் படியில் கையில் பையோடு நின்றாள், உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, போகாதே என்று ஒரு குரல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை, இப்போது அவளே அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கிறாள், சொல்ல நான் யார் என்று தோன்றுகிறது, உள்ளதைச் சொன்னால் அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்குகிறாள், பாகீரதிக்கு எண்ணெய்க் கத்திரிக்காய்னா உசுரு, அது இல்லாம இலை போட்டுராத என்கிறாள் சங்கரி, அடுக்களை நிலையில் வந்து நின்ற மதுமிதா, அம்மாவுக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது, கையெல்லாம் தடிச்சிரும், அத்தை வச்சிட்டாங்களேன்னு தின்னுட்டு ராத்திரி சொறிஞ்சுக்கிட்டே கிடப்பாங்க என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. உனக்கு என்னட்டி தெரியும் என்று சங்கரி ஆரம்பிக்க, கோமதி நறுக்கினதை அப்படியே அள்ளி ஓரமாக வைத்துவிட்டாள், வேண்டாம் மைனி, அவ அம்மாவ அவளுக்குத்தான தெரியும், அம்மாவுக்கு என்னம்மா வைக்க என்று பிள்ளையிடமே கேட்டாள், மதுமிதா, டீயும் பன்னும், பன்ன டீல முக்கி, யாருக்கும் தெரியாம அடுக்களைல நின்னுக்கிட்டே எனக்கும் ஒரு வாய் தருவாங்க என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறி ஓடினாள். சங்கரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வாசகம் செருப்பை மாட்டிக்கொண்டு பன் வாங்கப் போனான்.

இலை போட்டாயிற்று, சேலையை எடுக்கக் கோமதி மாடிக்கு வருகிறாள், சேலை உப்பி நிற்கிறது, இடுப்பு, தோள், இப்போது தலையும் தெரிகிறது, காலும் தெரிகிறது, ஒரு கணம் அவள் உயிர் அவளிடம் இல்லை, அப்புறம்தான் பார்த்தாள், மதுமிதாவின் கால். சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது, இத நீங்க கட்டுனா அம்மா உங்ககிட்ட வந்துருவாங்களா. தெரியலம்மா, எனக்கும் பயமாத்தான் இருக்கு என்றாள் கோமதி, நீ போயிட்டா இந்த வீட்ல அவங்களும் நானும் மட்டும் என்ன பண்ணுவோம், போகாத மது. சொல்லிவிட்டாள், க்ளிப்பைக் கழற்றினாள், கை தவறி விழுந்ததை எடுக்கக் குனிந்தாள், பொத்திக்கொள்ள மறந்த தாலி கிணுங்கியது, சேலைக்குள் அந்தத் தலை சட்டென்று திரும்பியது, முகம் வெளியே வந்தது, கோமதியைத்தான் பார்த்தது, சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

சித்தி, அந்த முனையப் பிடிங்க, தரையில படுது. அதுவரை அவள் கோமதியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள், மாமாகிட்ட நாளைக்குப் போலாம்னு சொல்லிருங்க என்றாள் மது, நாளைக்குத்தானே, அதுவே போதும் என்றிருந்தது கோமதிக்கு. மடிக்கப் போகும்போது மறுபடி காற்று வந்தது, நடுவில் சேலை மெல்ல உப்பி எழுந்தது, யாரோ உள்ளே வந்து நிற்பது போல, இரண்டு பேரும் இழுக்கவில்லை, அது தானாக அடங்கட்டும் என்று முனைகளைப் பிடித்தபடி நின்றார்கள்.